கசப்பை ஒளித்த களிமண்

காலை பத்து மணிக்குப் பாவாயி, பசுங்களி உயிர்நுட்ப நிறுவனத்தின் வரவேற்பு மேசைமேல் ஒரு செத்த ஆட்டைத் தூக்கிப் போட்டாள்.

மெதுவாக வைக்கவில்லை. போட்டாள். மேசையிலிருந்த பூச்சாடி உருண்டு கீழே விழுந்து உடைந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அலறிக்கொண்டு எழுந்தாள். வாசலில் இருந்து காவலாளி ஓடி வந்தார். கொட்டாம்பாறையிலிருந்து ஆத்தூர் எல்லைவரை மொபெட்டின் பின்னால் ஆட்டைக் கட்டிக்கொண்டு, எரிக்கும் மே மாத வெயிலில் வந்தவள் பாவாயி. நாற்பது வயது இருக்கும். புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள்.

"களிப்பாலக் கண்டுபிடிச்சவங்க யாரு? அவங்களக் கூப்புடு. மத்தவங்ககிட்ட எனக்குப் பேச்சில்ல."

களிப்பால் என்றால் மரவள்ளிக் காடுகளில் ட்ரோன் தெளிக்கும் வெள்ளைக் கரைசல். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கசப்புக் கிழங்கையும் இனிக்கிற கிழங்காக மாற்றிவிடும். மூன்று வருடமாக மழை பொய்த்த அந்தப் பக்கத்தில், முதன்முதலாகத் தெளித்த இந்த வருடம் மக்களுக்கு வயிறு நிறைய ஏதாவது கிடைத்ததென்றால் அது அந்தக் கிழங்குதான். அதைக் கண்டுபிடித்தவள் குணவதி. மண் வேதியியல் படித்தவள். அவளுக்கும் ஏறக்குறைய பாவாயியின் வயதுதான். ஆய்வகக் கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் கண்மூடிக் கும்பிடுவது அவள் வழக்கம். நெற்றியில் திருநீறு கலையாமல் இறங்கி வந்தாள்.

"நான்தாங்க. என்ன விஷயம்?"

"விஷயம் மேசைமேல கெடக்குது. பாருங்க."

அது சினையாடு. வாயில் நுரை காய்ந்திருந்தது. குணவதி அதைப் பார்த்தாள். உடனே ஒரு பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த மாதிரிப் புகார்களுக்கென்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருந்த பதில் அது.

"மரவள்ளித் தழையைப் பச்சையாத் தின்னா ஆடு செத்துப்போகும்மா. இது காலங்காலமா இருக்கறதுதானே? எங்க மருந்துக்கும் இதுக்கும்..."

"யாருகிட்ட சொல்றீங்க?" பாவாயியின் குரல் உயர்ந்தது. "ஆடு மேய்ச்ச காசுல வளந்தவ நானு. பச்சைத் தழ ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு முழுப் பகலு வெயில்ல பரப்பி, வாட்டி, கருகலா ஆனப்புறந்தான் போட்டேன். எங்க அம்மாவும் அப்படித்தான் போட்டா. வாட்டுன தழையத் தின்னு எங்க ஊருல ஒத்த ஆடு செத்ததில்ல. இந்த வருஷம் பதினோரு ஆடு."

குணவதி பையிலிருந்து சோதனைக் காகிதத்தை எடுத்தாள். மஞ்சள் நிறத்தில் விரல் நீளத் துண்டு. மரவள்ளியின் விஷ வாயு பட்டால் செங்கல் நிறமாகும். ஆட்டின் வாயில் ஒட்டியிருந்த தழையைக் கிள்ளி, ஒரு சிறு குப்பியில் நசுக்கி, காகிதத்தைத் தொங்கவிட்டு மூடினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். காகிதம் மஞ்சளாகவே இருந்தது.

"பாத்தீங்களாம்மா? விஷமே இல்ல. விஷத்தை நாங்க எடுத்துட்டோம்."

பாவாயி காகிதத்தைப் பார்க்கவில்லை. குணவதியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அந்தக் காயிதத்த ஆட்டுக்குக் காட்டுங்க மேடம். அதுக்குப் படிக்கத் தெரியுமான்னு பாப்போம்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். "ஆட்டை எடுத்துட்டுப் போம்மா!" என்று காவலாளி கத்தினார்.

"நீங்க கொன்னது. நீங்களே பொதைங்க."

மொபெட்டின் சத்தம் சாலையில் தேய்ந்து மறைந்தது.

*

ஆட்டைப் புதைக்கத் தோட்டக்காரரைக் கூப்பிட்டார்கள். குணவதி தடுத்தாள். ஏன் தடுத்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. பதினோரு ஆடு என்ற எண்தான் தைத்திருக்க வேண்டும். பொய் சொல்ல வருகிறவர்கள் பத்து என்றோ இருபது என்றோ சொல்வார்கள்.

ஆய்வகத்தில் கையுறை போட்டு ஆட்டின் இரைப்பையை அவளே திறந்தாள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. பிழிந்தெடுத்த பச்சைச் சாற்றில் ஒரு கரண்டி எடுத்து, அதே தழையை நசுக்கிப் போட்டு, புதிதாக ஒரு மஞ்சள் காகிதத்தைத் தொங்கவிட்டாள். உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று குப்பியை வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள்.

அரை மணி நேரத்தில் காகிதம் ஆரஞ்சானது. ஒரு மணி நேரத்தில் செங்கல்.

அவள் அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது பயமல்ல, கோபம். பாவாயிமேல் அல்ல. காலையில் அத்தனை பேர் முன்னால் "விஷமே இல்ல" என்று சொன்ன தன் வாயின்மேல்.

குப்பியோடு நேராக இயக்குநர் மகுடேஸ்வரனின் அறைக்குப் போனாள். அவர் ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், களிப்பால்ல இருக்கற நம்ம நொதி விஷத்தை அழிக்கல. பூட்டித்தான் வெச்சிருக்கு."

"அது நமக்குத் தெரிஞ்சதுதானே குணவதி? கூட ஒரு சர்க்கரையை ஒட்டி விஷத்தைப் பூட்டறோம். காப்புரிமையிலயே அப்படித்தான் எழுதியிருக்கு. முதல் பேரு உங்களுது."

"பூட்டினா திறக்காதுன்னு எழுதினேன் சார். ஆட்டு வயித்துல திறக்குது. அங்க இருக்கற கிருமிகளுக்குச் சாவி இருக்கு. முன்னாடி தழை வாடறப்ப விஷம் காத்தோட போயிடும். இப்ப பூட்டிக் கிடக்கறதால வாட்டினாலும் போறதில்ல. நாம அவங்க வழக்கத்தையே செல்லாததாக்கிட்டோம்."

"ஆட்டுக்கு நாலு வயிறு. மனுஷனுக்கு ஒண்ணு."

"மனுஷன் குடல்லயும் அதே மாதிரிக் கிருமிங்க உண்டு."

மகுடேஸ்வரன் பேனாவை மூடினார். கெட்டவராகத் தெரியமாட்டார், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவருடைய மிருதுவான குரல்தான் அன்று குணவதிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"இருபத்துநாலு பேரு, நாப்பது நாள், ரெண்டு வேளையும் நம்ம கிழங்கு. ஒருத்தருக்கும் ஒரு தலைவலிகூட இல்ல. அந்தச் சோதனையை வடிவமைச்சதே நீங்கதான். வர்ற புதன்கிழமை ஒப்புதல் குழு கூடுது. இன்னும் மூணு மாவட்டத்துல தெளிக்க. அதுவரைக்கும் அந்தக் குப்பியைக் கழுவி வைங்க."

அந்த இருபத்துநான்கு பேர்தான் அவளுக்கும் புரியவில்லை. ஆட்டைக் கொல்கிற கிழங்கு அவர்களை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

*

மறுநாள் அவள் கொட்டாம்பாறைக்குப் போனாள். ஊர் என்று சொல்ல முப்பது வீடுகள். சுற்றிலும் மரவள்ளிக் காடு. பாவாயி வீட்டு வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஆட்டைப் பொதைச்சாச்சா?"

"நீங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பாவாயியின் கத்தி ஒரு கணம் நின்றது. மறுபடி உரித்தது. "சரி. சொல்லியாச்சு. கெளம்புங்க."

குணவதி கிளம்பவில்லை. தரையில் உட்கார்ந்தாள். பாவாயி வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தர்ஷிகா! இங்க வா சாமி. இந்த மேடத்துக்கு நடந்து காட்டு."

ஒன்பது வயதுப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். குதிகால் தரையில் படவில்லை. இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று இடிக்க, விரல் நுனியில், கம்பிமேல் நடப்பதைப்போல் நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் சாய்ந்தாள். பாவாயி பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள், அத்தனை பழகியிருந்தது.

"ஒரு நாளு காலைல எந்திரிச்சா, காலு கட்டையாட்டம் ஆயிருச்சு. வலி இல்லீங்குது. காச்சல் இல்ல. மேலத் தெருவுல இன்னும் ரெண்டு புள்ளைங்க. ஆட்டோட வந்தா ஆட்டுக்குப் பதிலு சொல்வீங்க, புள்ளையோட வந்தா டாக்டரப் பாருன்னு அனுப்பிருவீங்கன்னுதான் ஆட்டைக் கொண்டாந்தேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரம்."

"என்ன சாப்பிடறா?"

"என்ன சாப்புடுவா? இதத்தான். காலைல கெழங்கு, ராத்திரிக்குக் கெழங்கு. உப்பு, மொளகா." பாவாயி ஒரு துண்டை நறுக்கி நீட்டினாள். "தின்னு பாருங்க. கசக்குதா? முன்னெல்லாம் கசந்தா அரைச்சு, மூணு நாளு ஊறப் போட்டு, காய வெச்சுத்தான் தொடுவோம். இனிச்சா அப்படியே வேக வெப்போம். இது இனிக்குது. நாக்கு பொய் சொல்லுமா மேடம்?"

"நாக்கு பொய் சொல்லல. கிழங்குக்குப் பொய் சொல்ல நான்தான் கத்துக்கொடுத்தேன்."

அவள் விளக்கினாள். மறைக்காமல், சுற்றி வளைக்காமல். "களிமண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான ஏடுங்க அடுக்கடுக்கா இருக்கும். அந்த ஏடுகளுக்கு நடுவுல ஒரு நொதியை உக்கார வெச்சேன். நொதின்னா, பாலுல உறை ஊத்தினா தயிராகுதே, அந்த மாதிரி ஒண்ணை இன்னொண்ணா மாத்தற சமாசாரம். அதைச் சும்மா தெளிச்சா வெயில்ல ஒரு மணி நேரம் தாங்காது. களிமண்ணு பிடிச்சுக்கிட்டா மாசக்கணக்கா நிக்கும். இலைக்குள்ள புகுந்து, கிழங்குவரைக்கும் இறங்கி வேலை செய்யும்."

"என்ன வேல?"

"விஷத்துக்குப் பூட்டுப் போடற வேலை."

"பூட்டா? எடுத்துட்டேன்னு சொன்ன!"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. தான் அதற்குத் தகுதியானவள்தான் என்று குணவதி தலைகுனிந்தாள்.

"எடுத்துட்டோம்னுதான் நெனச்சேன். கசப்பு போயிடுச்சு, காகிதம் மஞ்சளா நின்னுச்சு. இருபத்துநாலு பேரு நாப்பது நாள் சாப்பிட்டாங்க. உங்களை மாதிரியே, வெறும் உப்பும் மிளகாயும் போட்டு. வேற எதுவும் கிடையாதுன்னு நானே எழுதிக் கொடுத்தேன். அவங்க நல்லாத்தான் இருக்காங்க. அதுதான் எனக்குப் புரியல."

பாவாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எம்புள்ளையும் பள்ளிக்கூடம் இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தா. லீவு விட்டப்புறந்தான் இப்படி." கொஞ்சம் யோசித்தாள். "அந்த இருபத்துநாலு பேருக்கு யாரு சமைச்சது?"

பள்ளிக்கூடம். மதியச் சாப்பாடு. முட்டை. "சேலத்து விடுதிச் சமையல்காரரு. புதன்கிழமை குழு கூடறதுக்குள்ள அவரைக் கேட்டாகணும்" என்று குணவதி சட்டென்று எழுந்தாள்.

*

சேலத்தில் ஒரு விடுதியில்தான் அந்தச் சோதனை நடந்தது. சமையல்காரர் மரியசூசை, அறுபதை நெருங்குகிறவர். அவள் போனபோது கொல்லையில் கோழிகளுக்கு நொய்யரிசி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"அம்மா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"என்ன கொடுத்தீங்க சூசையண்ணே?"

"ஆளுக்கு ஒரு முட்டை. சில நாளு கொஞ்சம் பாசிப்பருப்பு. கம்பெனி சாமான் இல்லம்மா, சத்தியமா. எங்கோழி போட்டது." அவர் கண்கள் கலங்கின. "நாப்பது நாளு வெறுங் கெழங்கும்மா. எல்லாம் வேலை கெடைக்காத புள்ளைங்க, சோத்துக்காக வந்து சேந்ததுங்க. மூணாவது நாளே ஒருத்தன் தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான். அவன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது? சர்ச்சுல பாவத்தை அறிக்கையிடறப்ப, பாவசங்கீர்த்தனத்துல, சாமியார்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு." தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நான் பண்ணது தப்பாம்மா?"

குணவதி அவருக்குப் பக்கத்தில் கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். முட்டையிலும் பருப்பிலும் இருக்கிற கந்தகச் சத்துதான் உடம்புக்குள் அந்த விஷத்தைக் கழுவி வெளியேற்றும். நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவனுக்குக் களிப்பால் கிழங்கு ஒன்றும் செய்யாது. பருப்புக்கு வழியில்லாதவனை மட்டும் பார்த்துப் பிடிக்கும். ஒரு நல்ல மனிதரின் இரக்கம், அவள் தேடாமல் விட்ட உண்மையை மூடி மறைத்துவிட்டது. இரக்கத்தின்மேல் குற்றமில்லை. 'ஏழைகள் சாப்பிடுவதைப் போலவே' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்பது நாளில் ஒருநாள்கூட அந்தப் பந்தியில் போய் உட்காராதவள்மேல்தான் குற்றம். ஒரு வேளை உட்கார்ந்திருந்தால் போதும். தட்டில் முட்டையைப் பார்த்திருப்பாள்.

*

செவ்வாய்க்கிழமை அவள் மகுடேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பது அவர் முகம் தெளிந்தபோதுதான் தெரிந்தது.

"அப்போ சோதனையைக் கெடுத்தது சமையல்காரன்! நல்லதாப் போச்சு. நம்ம மேல தப்பே இல்ல. அவன்மேல புகார் கொடுத்துட்டு, மறுசோதனை பண்றோம்னு சொல்லி ஒப்புதலை வாங்கிடலாம். அதுவரைக்கும் தெளிப்பு நடக்கட்டும்."

"சார், கொட்டாம்பாறையில மூணு குழந்தைங்களுக்குக் கால் போயிருக்கு!"

"அந்த ஊர்ல போலியோ சொட்டு மருந்து ஒழுங்காப் போட்டாங்களான்னு விசாரிச்சீங்களா?"

வாழ்நாளில் யார்மேலும் கையை ஓங்காதவள் குணவதி. அன்று அவள் கை, மேசைமேலிருந்த களிப்பால் மாதிரிப் புட்டியை எடுத்துச் சுவரில் அடித்தது. வெள்ளைக் கரைசல் சுவரில் வழிந்தது. துடைத்தாலும் போகாது, களிமண் பிடித்தால் பிடித்ததுதான்.

"குழந்தைக்குக் கால் போனதுக்கும் அம்மாவைத்தான் குத்தம் சொல்வீங்களா? முட்டை கொடுத்தவன் குத்தவாளி, ஆடு வளத்தவ முட்டாள். நாம மட்டும் யாரு சார்? நாம மட்டும் யாரு?"

அவர் உடனே தொலைபேசியை எடுத்தார். அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது.

ஆனால் சோதனைப் பொறுப்பாளர் என்று குழுவின் அழைப்பில் இருந்த அவள் பெயரை ஒரே நாளில் யாரும் எடுக்க முடியவில்லை.

புதன்கிழமை குழு கூடியது. ஐந்து பேர், நடுவில் தலைவராக நரைத்த தலையுடன் ஓர் அம்மையார். குணவதி குப்பியை மேசைமேல் வைத்தாள். செங்கல் நிறக் காகிதத்தைக் காட்டினாள். சோதனையில் அனுமதி இல்லாத உணவு சேர்ந்தது என்றாள்.

"யார் கொடுத்தது?" மகுடேஸ்வரன் எழுந்து கேட்டார். "பெயரைச் சொல்லச் சொல்லுங்க."

"பொறுப்பாளர் நான். பார்க்காதது நான். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

"அது பதில் இல்லை. யார் அந்த—"

"நான்தாங்க."

பின்வரிசையில் மரியசூசை எழுந்து நின்றார். வெளுத்த வேட்டி, கையில் ஒரு துணிப்பை. அவருக்கு அந்தப் பக்கம் பாவாயி, மடியில் தர்ஷிகா. அவரைத் தேடிச் சேலத்துக்குப் போய்க் கூட்டி வந்தவள் பாவாயிதான் என்று குணவதிக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நான்தான் கொடுத்தேன். நாப்பது நாளும். தண்டனை உண்டுன்னா கொடுங்க, வாங்கிக்கறேன். ஆனா அந்த இருபத்துநாலு பேரும் இன்னிக்கு நடக்கறாங்க." பக்கத்தில் கைகாட்டினார். "இந்தப் பொண்ணுக்கு முட்டை கொடுக்க ஆளில்லாமப் போச்சு. அதுக்கு யாருக்குத் தண்டனைன்னு மட்டும் சொல்லிட்டு எனக்குக் கொடுங்க."

பாவாயி மகளை இறக்கிவிட்டாள். "போ சாமி. நடந்து காட்டு."

அந்த நீளமான அறையில், விரல் நுனியில், தர்ஷிகா தலைவரின் மேசையை நோக்கி நடந்தாள். எழுந்து வந்து பாதி வழியில் அவளைப் பிடித்துக்கொண்டவர் அந்த அம்மையார்தான்.

தெளிப்பு அன்றே நிறுத்தப்பட்டது.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. ஏற்கெனவே தெளித்த காடுகளில் களிமண் தன் பிடியை விடவில்லை. நிவாரண அரிசி கொட்டாம்பாறைக்கு வந்து சேர இன்னும் பத்து நாள் என்றார்கள்; பிறகு இன்னொரு பத்து நாள் என்றார்கள். தர்ஷிகாவின் கால் இதற்குமேல் மோசமாகாது, பழையபடி ஆகவும் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரிசி வரும்வரை ஊரார் சாப்பிட அந்தக் கிழங்குதான் இருந்தது.

குணவதி தினமும் வந்தாள். சூசையண்ணன் கோழிகளின் முட்டைகளும், அக்கம்பக்கத்து விடுதிகளில் அவர் கேட்டு வாங்கிய முட்டைகளும் அவள் கூடையில் இருக்கும். வீட்டுக்கு வீடு போய், கிழங்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, பிள்ளைக்கு ஒரு முட்டை வைப்பாள். சில வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அவள் முட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

முதல் நாள் பாவாயி அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். வெந்த கிழங்கு, உப்பு, மிளகாய். பசியோடு வந்தவளுக்கு இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கூடையிலிருந்த முட்டை ஒன்றை குணவதி தெரியாத்தனமாக எடுக்கப் போனாள்.

பாவாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அது புள்ளைங்களுக்கு. நீ கெழங்கத் தின்னு."

குணவதி தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும். பாவாயி அவளோடு அதிகம் பேசவில்லை. அவளுக்கு மன்னிக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. குணவதி மன்னிப்பு கேட்கவும் இல்லை. தட்டை வைத்தால் உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் தர்ஷிகா தன் முட்டையை உரித்தாள். விரலால் இரண்டாகப் பிளந்தாள். சுவரைப் பிடித்தபடி எழுந்து, விரல் நுனியில் மூன்று அடி வந்து, ஒரு பாதியைக் குணவதியின் தட்டில் வைத்தாள்.

குணவதி நிமிர்ந்து பாவாயியைப் பார்த்தாள்.

பாவாயி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "ஆறிப்போவுது" என்றாள். "சாப்புடு."